பைத்தானின் பொதுப்பூட்டு

கணினி நிரல் எழுதக் கற்கத் தொடங்குவோருக்கு உலகின் பல பகுதிகளில் முதல் மொழியாகக் கற்பிக்கப்படுவதும், தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் இடம்பெற்றிருப்பதுமான பைத்தான், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள தேசியக் கணித, கணினியியல் ஆய்வு நிறுவனத்தில் கைடோ வான் ரோசம் என்பவரால் 1989 டிசம்பரில் எழுதத் தொடங்கப்பெற்று, 1991 பிப்ரவரியில் பொதுவெளிக்கு வந்தது. அது திறமூல மென்பொருள். அதாவது, அதன் மூலநிரல் முழுவதையும் எவரும் படிக்கலாம், தம் தேவைக்கேற்ப மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கு வழங்கலாம். பைத்தான் என்னும் ஒரே பெயர் இரண்டு பொருள்களைச் சுட்டுகிறது. ஒன்று, மொழியின் இலக்கணம். மற்றொன்று, அவ்விலக்கணப்படி எழுதப்பட்ட நிரலைப் பைட்கோடு எனப்படும் சிறு சிறு ஆணைகளாக மாற்றி, அவற்றை ஒவ்வொன்றாக நிறைவேற்றும் இன்டர்பிரிட்டர் என்னும் மென்பொருள். பெரும்பாலோர் பயன்படுத்தும் இன்டர்பிரிட்டர் சி மொழியில் எழுதப்பட்டது; அண்மைக் காலத்தில் ஆழமான மாற்றங்கள் நிகழ்ந்திருப்பது அதன் உள்ளேதான்.

2020இல் வெளிவந்த 3.9ஆம் பதிப்பு முதல் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் ஒரு புதிய பதிப்பு வெளியாகிறது. ஒவ்வொன்றிலும் நிரலாளர் கண்ணுக்கு உடனே புலப்படும் வசதிகள் சில உண்டு. எடுத்துக்காட்டாக, 3.9ஆம் பதிப்பில் நிரலின் சொற்றொடரைப் பிரித்தறியும் பகுதி புதிதாக எழுதப்பட்டது. பழைய பகுதி ஒரே ஒரு சொல்லை மட்டும் முன்னோக்கிப் பார்த்து முடிவெடுத்தது. புதியது, ஒரு விதி பொருந்தாவிடில் பின்னோக்கி வந்து வேறொரு விதியை முயன்று பார்க்க வல்லது. இதனால், சரியான தொடர்களுக்கு மட்டுமின்றி, மக்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளுக்கும் விதிகள் எழுதிவைக்க வழி பிறந்தது. அதற்கு முன், அடைப்புக்குறி ஒன்றை மூட மறந்த மாணவருக்கு, அதற்கு அடுத்த வரியில் ஏதோ பிழை இருப்பதாகவே செய்தி வரும்; 3.10 முதல், மூடப்படாத அடைப்புக்குறி எந்த வரியில் இருக்கிறதென்றே இன்டர்பிரிட்டர் சுட்டிக்காட்டுகிறது. 3.11 ஒரு வரிக்குள் எந்தத் துண்டில் தவறு நேர்ந்தது என்பதையும் அடிக்கோடிட்டுக் காட்டத் தொடங்கியது. 3.13இல், ஆணையை உள்ளிட்டு உடனே விடை பெறும் உரையாடல் முனையம், பல வரிகளை ஒருசேரத் திருத்தும் வசதியையும் பிழைச்செய்திகளுக்கு வண்ணங்களையும் பெற்றது. ஆசிரியர் துணையின்றித் தனியே கற்பவருக்கு இவை சிறிய உதவிகள் அல்ல.

ஆயினும், இப்பதிப்புகளின் வரலாற்று முதன்மை கண்ணுக்குப் புலப்படாத வேறொன்றில் இருக்கிறது. 2024 அக்டோபர் 7 அன்று வெளியான 3.13, தன் பொதுப்பூட்டு நீக்கப்பட்ட ஒரு தனிக்கட்டமைப்பைச் சோதனை முயற்சியாக வழங்கியது. சரியாக ஓராண்டு கழித்து, 2025 அக்டோபர் 7 அன்று வெளியான 3.14, அக்கட்டமைப்பை முறையாக ஆதரிக்கப்படும் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீக்க முயன்று முடியாமற்போன ஒன்று நீக்கப்பட்டிருக்கிறது என்பதே இதன் பொருள். அந்தப் பூட்டு ஏன் வந்தது, ஏன் நிலைத்தது, எவ்வாறு கழற்றப்பட்டது என்பதை அறிய, நினைவகத்தைப் பைத்தான் கையாளும் முறையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு நிரல் ஓடும்போது எண்கள், எழுத்துச்சரங்கள், பட்டியல்கள் எனப் பல பொருள்கள் நினைவகத்தில் உருவாகின்றன. சி மொழியில் அவற்றுக்கு இடம் கேட்டுப் பெறுவதும், வேலை முடிந்தபின் அவ்விடத்தைத் திருப்பித் தருவதும் நிரலாளரின் பொறுப்பு. பைத்தானில் அப்பொறுப்பை இன்டர்பிரிட்டரே ஏற்கிறது. ஒவ்வொரு பொருளின் தலைப்பகுதியிலும் ஓர் எண் வைக்கப்பட்டிருக்கும். அப்பொருளைத் தற்போது எத்தனை இடங்கள் சுட்டிக்கொண்டிருக்கின்றன என்பதை அது காட்டும். ஒரு பட்டியலுக்குப் புதிதாக ஒரு பெயர் இட்டால் எண் ஒன்று கூடும். அப்பெயர் மறைந்தால் ஒன்று குறையும். சுழியத்தை அடைந்த கணமே அப்பொருள் அழிக்கப்பட்டு இடம் விடுவிக்கப்படும். இம்முறைக்குச் சுட்டு எண்ணிக்கை என்று பெயரிடலாம். எளிமையும் உடனடித்தன்மையும் அதன் வலிமை. மிகச் சிறிய நிரல் ஓடும்போதும் இவ்வெண்கள் இடைவிடாது கூடிக் குறைந்துகொண்டே இருக்கும் என்பதை மட்டும் நினைவில் இருத்த வேண்டும். பின்வரும் சிக்கல் முழுவதும் இதிலிருந்தே கிளைக்கிறது.

ஒரே நிரலுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட வேலைகள் அருகருகே நடைபெறுமாறு பகுக்கும்போது, ஒவ்வொரு வேலைத்தொடரும் திரெட், அதாவது இழை எனப்படும். இழைகள் யாவும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. இப்போது ஒரு பொருளின் எண்ணிக்கை 3 எனக் கொண்டு, இரண்டு இழைகள் ஒரே நேரத்தில் அதனைச் சுட்டத் தொடங்குவதாகக் கருதலாம். எண்ணைக் கூட்டுவது ஒரே செயல்போலத் தோன்றினாலும், கணினிக்கு அது படித்தல், கூட்டுதல், எழுதுதல் என்னும் மூன்று செயல்கள். இரண்டு இழைகளும் 3 என்று படித்து, தனித்தனியே கூட்டி, இரண்டுமே 4 என்று எழுதிவிட்டால், 5 ஆக இருக்க வேண்டிய எண்ணிக்கை 4 ஆக நின்றுவிடும். பிறகு நான்கு சுட்டுகள் விலகியதும் எண் சுழியமாகி, பொருள் அழிக்கப்பட்டுவிடும். ஐந்தாவது சுட்டோ, அழிந்த இடத்தை இன்னும் உயிருள்ளதாக எண்ணிப் பிடித்துக்கொண்டிருக்கும். அதன் விளைவு நிரல் திடீரென நொறுங்குவதாக இருக்கலாம். அல்லது, அதனினும் தீயதாக, எவ்வித எச்சரிக்கையுமின்றித் தவறான விடை வரலாம்.

பைத்தானில் இழை வசதி 1992இல் சேர்க்கப்பட்டபோது இவ்விடருக்குக் காணப்பட்ட தீர்வு மிக எளியது. ஒவ்வொரு பொருளுக்கும் தனிப்பூட்டு வைத்தால் பூட்டித் திறப்பதிலேயே நேரம் போகும் என்பதாலும், ஒன்றையொன்று எதிர்பார்த்து இழைகள் என்றென்றும் முடங்கிவிடும் நிலை ஏற்படலாம் என்பதாலும், இன்டர்பிரிட்டர் முழுவதற்கும் ஒரே பூட்டு வைக்கப்பட்டது. எந்த இழை பூட்டைக் கையில் வைத்திருக்கிறதோ அதுவே பைட்கோடை நிறைவேற்றலாம். மற்றவை காத்திருக்க வேண்டும். குளோபல் இன்டர்பிரிட்டர் லாக் என்னும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் நிரலாளர்கள் அதனை ஜிஐஎல் என்பர். இம்முடிவைப் பிற்காலத்தவர் பலர் பிழையென்று சாடியிருந்தாலும், அச்சாடல் நேர்மையானதன்று. மேசைக் கணினிகளில் ஒரே செயலகம் மட்டும் இருந்த காலம் அது. இரண்டு இழைகள் உண்மையாகவே ஒரே கணத்தில் ஓட அங்கு வழியே இல்லை. அவை மாறி மாறித்தான் ஓடியாக வேண்டும் என்னும்போது, மாறி மாறி ஓடவைக்கும் பூட்டினால் இழப்பொன்றும் இல்லை. அதனால் விளைந்த நன்மையோ பெரிது. சி மொழியில் எழுதப்பட்ட பழைய நூலகங்களை, அவற்றின் இழைப் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படாமல், பைத்தானோடு எளிதில் இணைக்க முடிந்தது. எண்கணிதத்துக்கான நம்பை முதலிய நீட்சிகள் பெருகி, அறிவியலாளரின் அன்றாடக் கருவியாகப் பைத்தான் உயர்ந்ததில் இந்த எளிமைக்கு உரிய பங்கு உண்டு.

2005ஆம் ஆண்டு வாக்கில், ஒரே சில்லுக்குள் இரண்டு செயலகங்களைக் கொண்ட கணினிகள் சாதாரண வாடிக்கையாளர் கைக்கு வந்தபோது நிலைமை மாறியது. கோர் எனப்படும் இந்த உட்செயலகங்கள் பின்னர் நான்காகவும் எட்டாகவும் பெருகின. எட்டுக் கோர்கள் உள்ள கணினியில் எட்டு இழைகளாகப் பகுத்து எழுதப்பட்ட பைத்தான் கணக்கீடு, பூட்டின் காரணமாக ஏறக்குறைய ஒரே கோரின் வேகத்தில்தான் ஓடியது. கோப்பைப் படிக்கும்போதோ வலையிலிருந்து தரவு வரக் காத்திருக்கும்போதோ இழை தன் பூட்டை விட்டுக்கொடுக்கும் என்பதால், காத்திருத்தலே மிகுதியான நிரல்களுக்குத் தொல்லை இல்லை. தொடர்ந்து கணக்கிடும் நிரல்களுக்கே முழு இடர்ப்பாடும். அதற்கு மாற்றாக, 2008இல் வெளியான 2.6ஆம் பதிப்பு, இழைகளுக்குப் பதில் தனித்தனி இன்டர்பிரிட்டர்களைத் தனிச்செயல்களாக இயக்கும் நூலகம் ஒன்றைத் தந்தது. ஆனால் தனிச்செயல்கள் நினைவகத்தைப் பகிர்வதில்லை. ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குத் தரவு செல்ல, அதனைப் பொதியாகக் கட்டி, அனுப்பி, மறுபுறம் அவிழ்க்க வேண்டும். தரவு பெரிதாக இருக்கும் இடங்களில் இந்தக் கட்டலும் அவிழ்த்தலும் கணக்கீட்டினும் மிகுந்த நேரத்தை விழுங்கின.

பூட்டை நீக்கும் முயற்சிகள் இதற்கு முன்பே தொடங்கிவிட்டன. 1990களின் பிற்பாதியில் கிரெக் ஸ்டைன் என்பவர் பொதுப்பூட்டை எடுத்துவிட்டுப் பல சிறு பூட்டுகளை வைத்துப் பார்த்தார். இழைகள் இணையாக ஓடின. ஆனால் ஒரே இழையில் ஓடும் நிரலின் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. இரண்டு செயலகங்களை அமர்த்தியும், பழைய முறையில் ஒரே செயலகம் செய்த வேலையைவிடச் சிறிதே மிகுதியாகச் செய்ய முடிந்தது. 2007இல் கைடோ வான் ரோசம் தம் நிலைப்பாட்டைத் தெளிவாக எழுதினார்: ஓரிழை நிரல்களின் வேகத்தைக் குறைக்காத திருத்தம் வருமானால் வரவேற்கலாம், அன்றேல் இல்லை. உலகில் எழுதப்பட்ட பைத்தான் நிரல்களுள் மிகப் பெரும்பாலானவை ஓரிழை நிரல்கள் என்பதால், சிலரின் நன்மைக்காகப் பலரின் வேகத்தைப் பறிக்கலாகாது என்னும் அந்நிபந்தனை நியாயமானதே. லாரி ஹேஸ்டிங்ஸ் 2016இல் எடுத்துரைத்த மற்றொரு முயற்சியும் இதே சுவரில் மோதி நின்றது. சுட்டு எண்ணிக்கையை அடாமிக் செயலாக, அதாவது இடையில் வேறெந்தக் கோரும் குறுக்கிட முடியாதபடி வன்பொருளே காக்கும் பிரிக்கவியலாச் செயலாக மாற்றினால் கணக்கு பிசகாது. ஆனால், அத்தகைய ஒவ்வொரு செயலும் சாதாரணக் கூட்டலைவிடப் பன்மடங்கு நேரம் எடுக்கும். நொடிக்குக் கோடிக்கணக்கில் நிகழும் எண்ணிக்கை மாற்றங்கள் யாவும் அவ்வாறு மெதுவாகும்போது, இணையோட்டத்தால் கிடைத்த ஊதியம் கைக்கு வராமலே கரைந்துபோகும்.

தீர்வுக்கான திறவுகோல், 2018இல் சோய், ஷல், டொரெலாஸ் ஆகிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கருத்தில் இருந்தது. நிரலில் உருவாகும் பொருள்களுள் பெரும்பாலானவை, தம்மை உருவாக்கிய இழையைத் தவிர வேறெதனாலும் தொடப்படுவதே இல்லை. அப்படியானால், எல்லாப் பொருளையும் எல்லா இழைகளும் எப்போதும் தொடும் என அஞ்சிக் காவல் வைப்பது வீண்செலவு. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் உரிமையாளர் இழையைக் குறித்துவைத்து, எண்ணிக்கையையும் இரண்டாகப் பிரித்துவிடலாம். உரிமையாளர் தன் கணக்கைச் சாதாரணக் கூட்டலால் விரைவாக எழுதிக்கொள்ளும். பிற இழைகள் வந்தால் அவற்றுக்கான பொதுக்கணக்கை மட்டும் அடாமிக் செயலால் எழுதும். உரிமையாளரின் கணக்கு சுழியமாகும்போது இரண்டும் சேர்த்துப் பார்க்கப்படும். வணிகர் ஒருவர் தம் கைக்கணக்கைத் தாமே குறித்துக்கொண்டு, கூட்டாளிகளுக்குரிய வரவுசெலவை மட்டும் சாட்சியோடு பேரேட்டில் பதிவது போன்றது இது. சார்புடைய சுட்டு எண்ணிக்கை என்று இம்முறையை அழைக்கலாம்.

மெட்டா நிறுவனத்தில் பணியாற்றிய சாம் கிராஸ் இக்கருத்தைப் பைத்தானுக்குள் கொண்டுவந்து, 2021இல், 3.9ஆம் பதிப்பின் மேல் கட்டப்பட்ட முன்மாதிரி ஒன்றைப் பொதுவில் வைத்தார். அவர் செய்தது ஒரு தந்திரத்தை மட்டும் பொருத்தியதன்று; பல உத்திகளை ஒன்றோடொன்று பொருந்துமாறு கோத்ததே அவருடைய உண்மையான சாதனை. நிரலின் தொடக்கம் முதல் இறுதி வரை இருந்தே தீரும் பொருள்களை, எடுத்துக்காட்டாக மெய், பொய் என்னும் மதிப்புகளையும் சிறு முழு எண்களையும், எண்ணவே வேண்டியதில்லை. அவை அழியாப் பொருள்கள் எனக் குறிக்கப்பட்டன. செயற்கூறுகளும் நிரற்கூறுகளும் எல்லா இழைகளாலும் ஓயாமல் சுட்டப்படுவன என்பதால், அவற்றுக்கான சுட்டுகளுள் பலவற்றின் எண்ணிக்கை உடனுக்குடன் எழுதப்படாமல், பயனற்ற பொருள்களைத் தேடி அழிக்கும் குப்பை சேகரிப்பு நிகழும் நேரத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. பட்டியல், அகராதி போன்ற மாறக்கூடிய பொருள்களின் தலைப்பகுதியில் ஒரே ஒரு பைட் அளவே உள்ள சிறு பூட்டு வைக்கப்பட்டது. நினைவகத்தை ஒதுக்கும் பகுதிக்கு, மைக்ரோசாஃப்ட் ஆய்வுப்பிரிவில் உருவான மிமாலாக் என்னும் திறமூல ஒதுக்கி எடுத்தாளப்பட்டது. அது ஒவ்வோர் இழைக்கும் தனிக்களம் வகுத்துத் தருவதோடு, பட்டியலிலிருந்து ஓர் உறுப்பைப் படிப்பதற்குப் பெரும்பாலும் பூட்டே தேவைப்படாத வகையில் நினைவகத்தை அமைக்கவும் இடம் தந்தது.

இவற்றுக்கு விலை இல்லாமலில்லை. 64 பிட் கணினியில் ஒரு பொருளின் தலைப்பகுதி வழக்கமான கட்டமைப்பில் 16 பைட். பூட்டில்லாக் கட்டமைப்பில், உரிமையாளர் இழையின் அடையாளம், இரட்டைக் கணக்கு, சிறு பூட்டு ஆகியவற்றையும் தாங்குவதால், 32 பைட். வேகத்திலும் இழப்பு உண்டு. 3.11ஆம் பதிப்பில், ஓடும் நிரலைக் கவனித்து, ஓர் ஆணை மீண்டும் மீண்டும் ஒரே வகைத் தரவின் மேல் நிகழ்ந்தால் அவ்வகைக்கென்றே செதுக்கப்பட்ட விரைவான ஆணையாக அதனை மாற்றிக்கொள்ளும் வசதி புகுத்தப்பட்டு, சராசரியாக 25 விழுக்காடு வேகம் கூடியிருந்தது. ஓடும்போதே ஆணைகளை மாற்றி எழுதும் அவ்வசதி பல இழைகளுக்கிடையே பாதுகாப்பானதாக இல்லாமையால், 3.13இன் பூட்டில்லாக் கட்டமைப்பில் அது அணைத்துவைக்கப்பட்டது. ஓரிழை நிரல்கள் ஏறத்தாழ 40 விழுக்காடு மெதுவாயின. 3.14இல் அவ்வசதி இழைகளுக்கேற்பத் திருத்தி மீட்கப்பட்டதும், இழப்பு ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. கைடோ 2007இல் இட்ட நிபந்தனை சொல்லுக்குச் சொல் நிறைவேறவில்லை. ஆயினும், பல கோர்கள் எங்கும் நிறைந்துவிட்ட காலத்தில் அச்சிறு இழப்பு ஏற்கத்தக்க விலையே.

தொழில்நுட்பத்துக்கு இணையாகக் கவனிக்க வேண்டியது, இம்முடிவு எடுக்கப்பட்ட முறை. பைத்தானில் பெரிய மாற்றம் எதுவாயினும், பெப் எனப்படும் முன்மொழிவு ஆவணமாக எழுதப்பட்டு, எவரும் படித்து எதிர்க்கவோ ஏற்கவோ இடம் தரப்படுகிறது. 2018இல் கைடோ இறுதி முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து விலகிய பின், முதன்மை நிரலாளர்கள் தேர்ந்தெடுக்கும் ஐவர் கொண்ட வழிகாட்டுக் குழு அப்பொறுப்பை ஏற்றுள்ளது. சாம் கிராஸின் முன்மொழிவு 703ஆம் எண்ணுடன் 2023 ஜனவரியில் வந்தது. நீண்ட விவாதத்துக்குப் பின் அதே ஆண்டு அக்டோபரில் ஏற்கப்பட்டது. அதுவும் நிபந்தனையுடன்தான்: முதலில் சோதனை முயற்சி, பிறகு ஆதரவு பெற்ற மாற்றுக் கட்டமைப்பு, இறுதியில் இயல்பான கட்டமைப்பு என மூன்று படிகள்; ஒவ்வொரு படியிலும் பின்வாங்கும் உரிமை காக்கப்பட்டது. இரண்டாம் பதிப்பிலிருந்து மூன்றாம் பதிப்புக்கு மாறுகையில் பழைய நிரல்கள் ஓடாமற்போய்ப் பயனர் உலகம் ஆண்டுக்கணக்கில் பிளவுபட்டுக் கிடந்த துன்பத்தை மறவாதவர்கள் எடுத்த முடிவு என்பது அதன் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. திறமூலத் திட்டமொன்று தன் பழைய காயத்திலிருந்து இவ்வளவு தெளிவாகக் கற்றுக்கொள்வது அரிது.

பூட்டு நீங்கினால் நிரல்கள் யாவும் தாமே விரைவுபடும் என்று கருதுவது தவறு. ஓரிழை நிரலுக்கு இதனால் நன்மை ஏதுமில்லை. பல இழைகளாக எழுதப்பட்ட நிரலுக்கும், அந்த இழைகள் ஒரே பட்டியலையோ ஒரே அகராதியையோ மொய்த்துக்கொண்டிருந்தால், சிறு பூட்டுகளின் முன் வரிசை நின்று காத்திருப்பதிலேயே நேரம் கழியும். மேலும், பொதுப்பூட்டு தம் நிரலைப் பாதுகாத்ததாகப் பலர் நம்புகின்றனர். உண்மையில் அது பாதுகாத்தது இன்டர்பிரிட்டரின் உட்கணக்கை மட்டுமே. பேருந்தொன்றில் எஞ்சியுள்ள இருக்கைகளின் எண்ணை இரண்டு இழைகள் படித்து, ஒன்றைக் கழித்து, மீண்டும் எழுதுமானால், படித்தலுக்கும் எழுதுதலுக்கும் இடையே இழை மாற வாய்ப்பு உண்டென்பதால், பூட்டு இருந்த காலத்திலும் ஒரே இருக்கை இருவருக்கு விற்கப்படக்கூடும். அன்று அது எப்போதோ நிகழும் பிழையாக மறைந்திருந்தது. இனி அடிக்கடி வெளிப்படும். நிரலாளர் தாமே வைக்க வேண்டிய பூட்டை வைக்காமல் விட்ட குறை அது.

சி மொழியில் எழுதப்பட்ட நீட்சிகளே இம்மாற்றத்தின் மிகக் கடினமான பகுதி. பொதுப்பூட்டு தம்மைக் காக்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை அவை. ஒரு நீட்சி, பூட்டின்றியும் தன்னால் இயங்க முடியும் என்று வெளிப்படையாக அறிவித்தால்தான் பூட்டில்லா இன்டர்பிரிட்டர் அதனை அவ்வாறே ஏற்கும்; அறிவிக்காத நீட்சி ஒன்றை நிரல் அழைத்த உடனே, எச்சரிக்கை ஒன்றை விடுத்து, பூட்டைத் தானே மீண்டும் போட்டுக்கொள்ளும். வேகம் போனாலும் விடை பிழைபடக் கூடாது என்னும் இவ்வேற்பாடு பாராட்டத்தக்கது. இதே காலத்தில், ஒரே தனிச்செயலுக்குள் பல இன்டர்பிரிட்டர்களை, ஒவ்வொன்றுக்கும் தனிப்பூட்டுடன் இயக்கும் மற்றொரு வழியும் 3.12இல் அடித்தளமிடப்பட்டு, 3.14இல் நிரலாளர் நேரடியாகப் பயன்படுத்தும் நூலகமாக வந்துள்ளது. பொருள்களைப் பெரிதும் பகிராமல் தனித்தனியே வேலை செய்யும் நிரல்களுக்கு அதுவே ஏற்ற வழியாக அமையலாம்.

3.14இலும் இயல்பாக நிறுவப்படுவது பூட்டுள்ள கட்டமைப்பே. பூட்டில்லாதது, பெயரின் இறுதியில் டி என்னும் ஆங்கில எழுத்தைத் தாங்கி, விண்டோஸ், மேக் கணினிகளுக்கான அதிகாரப்பூர்வ நிறுவியில் தனித் தெரிவாகக் கட்டணமின்றிக் கிடைக்கிறது. இழைகளைக் கொண்டு நிரல் எழுதும் தமிழ் நிரலாளர்களும் கல்லூரி மாணவர்களும் அதனை நிறுவி, தம் நிரல்களையும் தாம் நம்பியிருக்கும் நூலகங்களையும் அதில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். பிழை கண்டால், அது நேரும் மிகச் சிறிய நிரலைப் பிரித்தெடுத்து, அந்நூலகத்தின் பிழைப்பதிவேட்டில் தெரிவிக்க வேண்டும்.